நீலப் பம்பும் மற்ற மருந்துகளும்

எனக்கும் அக்காவுக்கும் ஒரே வியாதி. டொக்டர்கள் அதை ஆஸ்துமா என்று எழுதுவார்கள். வீட்டில் அதற்கு இழுப்பு என்றுதான் பெயர். அப்பாவிடமிருந்து சண்டை போடாமல் பங்கு கிடைத்த ஒரே சொத்து இதுதான் என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும், இருமினால் இழுக்கும், அதனால் அந்தப் பகிடியை அவள் அடிக்கடி சொல்வதில்லை.

தங்கச்சி நான் கண்டி டவுனில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். பழைய ஃபைல்களின் தூசியைத் தவிர எனக்கு அங்கே பெரிய எதிரி கிடையாது. அக்கா வாழ்க்கைப்பட்டது கலகெதரவுக்கு. அத்தானுக்கு அங்கே மெயின் ரோட்டில் அரைக்கிற மில். மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி, எல்லாம் அரைப்பார்கள். மில்லின் பின்கதவைத் திறந்தால் அக்காவின் குசினி. இழுப்புக்காரியை மிளகாய் மில்லுக்குக் கட்டிக்கொடுத்த புத்திசாலிகள் எங்கள் வீட்டார். மாப்பிள்ளை நல்லவர், குடிக்க மாட்டார், சொந்தத் தொழில். பார்த்தது அவ்வளவுதான். மூச்சைப் பற்றி அவர்கள் யோசித்த ஒரே விஷயம், மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியக் கூடாது என்பது.

அதனால் பெண் பார்க்க வந்த நாளிலிருந்து அக்காவுக்கு இன்ஹேலர் பம்ப் தடை. கையில் பம்பைப் பார்த்தால் வியாதிக்காரி என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம். மாத்திரை என்றால் யாருக்கும் தெரியாது, தலைவலிக்குப் போடுகிறாள் என்று சொல்லிச் சமாளிக்கலாம். எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் இந்தப் புத்தி போகவில்லை. வாயில் வைத்து இழுக்கிற மருந்து என்றால் கடைசிக் கட்டம், ஒருதரம் பிடித்தால் சாகும்வரை விடாது என்பார்கள். மாத்திரை மட்டும் பாவம், ஒன்றும் செய்யாது. நெஞ்சுக்கு வேண்டிய மருந்தை நேரே நெஞ்சுக்கு அனுப்பாமல் வயிறு, ரத்தம், கை, கால் என்று உடம்பு முழுக்க ஊர்வலம் விடுவதில் என்ன லாபம் என்று நான் கேட்டால், நாலு எழுத்துப் படித்த திமிர் என்று எனக்குத்தான் திட்டு விழும்.

அக்கா அந்த மாத்திரைகளோடுதான் குடும்பம் நடத்தினாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டிஸ்பென்சரியில், பெயர் எழுதாத சின்னக் கடதாசி உறைகளில் போட்டுக் கொடுப்பார்கள். அதில் ஒரு வகை போட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் கீழே சோசர் தாளம் போடும். இன்னொன்று சின்னது, வெள்ளை. அதுதான் அவளுக்கு உயிர். சில நாள் போட்டால் இழுப்பு இருந்த இடம் தெரியாது, நல்ல பசி எடுக்கும், உடம்புக்குத் தெம்பு வந்த மாதிரி இருக்கும். அது ஸ்டீரொயிட் மாத்திரை என்று எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. மோசமாக இழுக்கிற நேரத்தில் டொக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கிற மருந்து. அக்கா அதைத் தும்மலுக்கெல்லாம் போட்டாள். முகம் வட்டமாக ஊதிக்கொண்டு வந்தது. மாமியார் வீட்டில், "கல்யாணம் முடிச்சு நல்லா சதை போட்டுட்டா, நம்ம வீட்டுச் சாப்பாடு ஒத்துப்போச்சு" என்று சந்தோஷப்பட்டார்கள். லேசாக இடித்துக்கொண்டாலே கையில் நீலமாகக் கன்றிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருநாள் மில்லுக்குள்ளேயே, மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில், அவளுக்கு மூச்சு நின்றுவிடும் போல ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மெஷினில் புகை பிடிக்க விட்டார்கள். நெபுலைசர் என்பதை எங்கள் பக்கத்தில் புகை பிடிக்கிறது என்போம். திரவ மருந்தைப் பனிப்புகை மாதிரி ஆக்கி உள்ளே அனுப்புகிற மெஷின் அது. அத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியம் அந்தப் புகையோடு வெளியே வந்தது. நாங்கள் தலை குனிந்து நின்றோம். அத்தான் எங்களைப் பார்த்து, "இதத்தானா இவ்வளவு நாளா மறைச்சீங்க? எங்க சித்தப்பாவுக்கும் இருக்கே" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அக்கா கிளினிக்கில் பெயர் பதிந்தாள். நீலப் பம்ப் கைக்கு வந்தது, கூடவே பிரவுன் பம்பும்.

நீலத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன், என்னையும் அது எத்தனையோ தரம் காப்பாற்றியிருக்கிறது. அடித்துக் கொஞ்ச நேரத்தில் தொண்டைக்குக் கீழே ஒரு கதவு திறக்கும். நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அந்தக் கசப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் சில மணி நேரத்தில் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும், ஏனென்றால் உள்ளே வீங்கிப் போயிருக்கிற குழாயை நீலம் தொடுவதில்லை. அதைத் தொடுவது பிரவுன். காலையும் மாலையும், இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அடிக்க வேண்டும். அடித்த பிறகு வாயைக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு வெள்ளை படிந்து புண்ணாகும். அடித்த உடனே ஒன்றும் தெரியாது. நாளைக்கும் தெரியாது. கிழமைகள் போன பிறகு ஒரு காலையில் குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி டவுன் பக்கம் ஏறிப் போகும்போது, அட, இன்றைக்கு எங்கேயும் நிற்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அக்காவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "ஒண்ணுமே செய்யல இது, சும்மா காத்து" என்று பிரவுனை ஒரு மாதத்தில் ஓரமாக வைத்துவிட்டாள். உடனே பிடிப்பதுதான் மருந்து என்பது அவளுடைய கணக்கு.

இந்த நிலைமையில்தான் நாட்டில் பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசை நின்ற காலம் வந்தது. பம்புக்கு வரிசை கூட இல்லை, ஏனென்றால் பம்பே இல்லை. கண்டியில் நான் ஏறி இறங்காத பார்மசி கிடையாது. எல்லா இடத்திலும் தலையை ஆட்டினார்கள். கடைசியில் திகனயில் ஒரு முஸ்லிம் பார்மசிக்காரர், என் மூச்சு போகிற சத்தத்தைக் கேட்டே மேசைக்குக் கீழே குனிந்து ஒரு நீலத்தை எடுத்துத் தந்தார். அதைக் கலகெதரவுக்குக் கொண்டுபோய் அக்காவுக்குக் கொடுத்தபோது அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், கோயில் பிரசாதம் போல. அந்தக் காலம் ஒருவழியாகக் கடந்து போனது. பார்மசித் தட்டுகள் மறுபடி நிறைந்தன. அக்காவின் மனதுக்குள் மட்டும் அந்தத் தட்டுகள் காலியாகவே இருந்தன.

பிறகு நான் கண்டியில் வேறு கிளினிக்கில் எனக்குக் கொடுத்த புது பம்பால் நல்ல சுகம் கண்டு, அக்காவையும் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் சின்ன வயதுப் பெண், சிங்களவர். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை செய்து தமிழ் பழகியவர்.

"நீலம் எத்தனை தரம் அடிக்கிறது, அக்கா?" என்று கேட்டார்.

"இழுக்கிறப்ப மட்டும்தான் டொக்டர்."

"எத்தனை தரம் இழுக்குது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பூரா நாளும்தான்" என்றாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. நீலத்தை மட்டும் நம்பி இருக்கிறவர்கள்தான் திடீரென்று மோசமாகி வருகிறார்கள் என்று சொன்னார். "உள்ள வீக்கம் கூடிக்கிட்டே போகும், நீலம் அத மறைச்சிடும். எவ்வளவு மிச்சம்னு காட்டுற எண்ணும் அதுல இல்ல. மருந்து முடிஞ்ச பிறகும் காத்து வரும். உஸ்னு சத்தம் கேட்டா மருந்து இருக்குன்னு நெனைக்க வேணாம்." பிறகு புது பம்பை மேசையில் வைத்தார். "இதுல ரெண்டு மருந்தும் ஒண்ணா இருக்கு. வீக்கமும் கொறையும், மூச்சும் தொறக்கும். காலைல, மாலைல. நடுவுல இழுத்தா அதுக்கும் இதேதான். பின்னால எண் இருக்கு, பாருங்க, எவ்வளவு மிச்சம்னு தெரியும். ரொம்ப நல்ல மருந்து."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

அக்காவிடம் நல்லது என்று பெயர் வாங்கிய எந்தப் பொருளும் பிறகு வெளிச்சத்தைப் பார்த்தது கிடையாது. அவள் வீட்டு சோபாவுக்கு வாங்கிய நாளில் சுற்றிய பொலித்தீன் இன்னும் அப்படியே இருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் தொடையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். டிவி ரிமோட்டுக்குப் பொலித்தீன். கண்ணாடி அலுமாரியில் பூப்போட்ட தேநீர்க் கோப்பைகள், அதில் தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்றால் குறைந்தது ஒரு சம்பந்தி வீட்டார் வர வேண்டும். அவளுக்கோ பிள்ளைகள் இல்லை, சம்பந்தி எங்கிருந்து வருவார்கள்? அவளுடைய பிறந்தநாளுக்கு நான் எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலையைக் கடைப் பையோடு மர அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். "நல்ல சேலைடி, ஒரு விசேஷத்துக்குக் கட்டிக்கிறேன்" என்றாள். எந்த விசேஷம் வந்தாலும் அந்தச் சேலைக்கு அது போதவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டு. இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு ஒரு பொருள் இருக்கிறது என்ற நினைப்பே போதும், அதைப் பாவிக்க வேண்டிய அவசியம் இல்லை. நானே என் ஃபோனின் கண்ணாடித் தாளை ஆறு மாதம் கழித்துத்தான் உரித்தேன்.

நான் கலகெதரவுக்குப் போகும்போதெல்லாம் புது பம்ப் கண்ணாடி அலுமாரிக்குள், கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிற்கும். என்னைக் கண்டதும் அக்கா அதை எடுத்து, குலுக்கி, நான் பார்க்கும்படி ஒழுங்காக இழுத்து, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்காருவாள். எனக்கு மனம் குளிர்ந்து போகும். ஒருநாள் அவள் அடுப்பைப் பார்க்கப் போன நேரம் சும்மா கையில் எடுத்துப் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தேன். அது பெரிதாக இறங்கவே இல்லை. நான் வந்த நாட்களுக்கு மட்டும்தான் இறங்கியிருந்தது. அந்த மருந்தை அவள் விருந்தாளிக்கு எடுக்கிற கோப்பை மாதிரி எனக்காக எடுத்திருக்கிறாள்.

"என்னக்கா இது, எண் எறங்கவே இல்லையே?"

"அடிக்கிறேன்டி."

"யாரு அடிக்கிறது? சுவத்துப் படத்துல இருக்கிற முருகனா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா சும்மா அத அடிச்சு வீணாக்கணுமா? நல்ல மருந்து. மறுபடி இல்லாமப் போனா யாருகிட்ட போய் நிக்கிறது? ரொம்ப முடியாத நேரத்துக்கு இருக்கட்டும். சும்மா இழுப்புக்கு நீலமே போதும்."

"அந்த முடியாத நேரம் வராம இருக்கத்தான்க்கா இது!"

நான் கத்தினேன். சோறு அடிப்பிடித்துக் கருகின பிறகா தண்ணி ஊற்றுவாய், முன்னாலேயே ஊற்ற மாட்டாயா என்று கேட்டேன். டொக்டர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். நீலம் என்ன செய்யும், என்ன செய்யாது, வெள்ளை மாத்திரை உடம்பை என்ன பாடு படுத்தியது, இது எப்படி இரண்டையும் செய்கிறது, எல்லாம். என் சத்தம் மில் சத்தத்துக்கு மேலே போய்விட்டது. மாவு வாங்க வந்த பெண் ஒருத்தி பின்கதவால் எட்டிப் பார்த்தாள்.

அக்கா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சரி, சரி, போடுறேன். கத்தாத. ஒனக்கு இழுக்கப் போகுது" என்றாள். எனக்கு உண்மையிலேயே இழுக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். போகும்போது அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். சத்தியம் செய்தாள்.

சித்திரைப் புதுவருஷத்துக்கு முந்திய கிழமை மில்லில் சனக்கூட்டம் அலைமோதும். சிங்கள வீடுகளுக்குப் பலகார மாவு, எங்கள் வீடுகளுக்கு மிளகாய்த் தூள், எல்லோருக்கும் மஞ்சள். காலையிலிருந்து மெஷின் நிற்காது. காற்றே சிவப்பாக இருக்கும், சாதாரண ஆளே தும்மாமல் அந்தப் பக்கம் போக முடியாது. அக்கா அந்த நாட்களில் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி ஒரு நாள் முற்பகல் அத்தான் எனக்கு ஃபோன் எடுத்தார். த்ரீவீலில் கண்டிக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். பின்னால் ஒரு சத்தம் கேட்டது, உஸ், உஸ் என்று. அது நீலம் என்று எனக்குத் தெரியும். "புதுசு எங்க? புதுச குடுங்க அத்தான்!" என்று கத்தினேன். லைன் வெட்டுப்பட்டுவிட்டது. போட்டது போட்டபடி ஆபீசிலிருந்து ஓடினேன். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சுற்றி நிறையப் பேர் நின்று பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். வந்து சேரும்போதே உதடு கறுத்துப் போயிருந்ததாம். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மெதுவாக விலகினார்கள்.

அத்தான் சுவரோடு சாய்ந்து நின்றார். நான் கேட்காமலே சொன்னார். "காலையிலயே இழுத்துக்கிட்டுதான் இருந்தா. அலுமாரியில இருக்கிறத எடுக்கவான்னு கேட்டேன். வேணாங்க, இது சும்மா இழுப்புதான், நீங்க மில்லப் பாருங்கன்னா. நீலத்த அடிச்சுக்கிட்டே இருந்தா. சத்தம் வந்துச்சு. மருந்து போகுதுன்னுதான் நெனச்சேன்."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் கண் இமையில் மிளகாய்த் தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது, அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார்.

நர்ஸ் அவளுடைய செருப்பையும் வளையலையும் நீலப் பம்பையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக் குலுக்கினேன். உள்ளே ஒரு அசைவும் இல்லை. வாயில் வைத்து அமுக்கினேன். உஸ் என்று நன்றாகச் சத்தம் வந்தது. நாக்கில் குளிர் பட்டது. கசப்பு இல்லை. கடைசி வரைக்கும் அவள் வெறும் காற்றை இழுத்திருக்கிறாள்.

மாலையில் அவளைக் கலகெதர வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மில்லை நிறுத்தியிருந்தார்கள். குளிப்பாட்டி முடிந்ததும் புதுச் சேலை வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அத்தான் மர அலுமாரியின் சாவியை என்னிடம் தந்தார். அக்காவைக் கிடத்தியிருந்த அறையிலேயேதான் அந்த அலுமாரியும் இருந்தது.

மேல்தட்டில் நான் கொடுத்த மாம்பழ நிறச் சேலை, கடைப் பை கசங்காமல் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பம்ப் பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. கிளினிக்கில் மாதா மாதம் தவறாமல் போய் வாங்கியிருக்கிறாள். ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. பூச்சி அரிக்காமல் இருக்க இடையில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள்.

அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அறைக்குள் சாம்பிராணி, ஊதுவத்தி, ஆள் நெருக்கம், சுவரில் படிந்திருந்த மிளகாய் வாடை. அழுகை அப்படியே இழுப்பாக மாறியது. நெஞ்சு இறுகிக்கொண்டு வந்தது. என் பம்ப் கண்டியில், ஆபீஸ் மேசை லாச்சியில் கிடந்தது. யாரோ ஒரு அம்மா என் முதுகைத் தடவி, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

மேலே இருந்த பெட்டியை எடுத்துப் பல்லால் கடித்துக் கிழித்தேன். மூடியைக் கழற்றி, குலுக்கி, இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டு, வாயில் வைத்து இழுத்தேன். கொஞ்ச நேரம் அடக்கிப் பிடித்தேன். மறுபடி ஒருதரம். அக்கா பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள், மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன்.

சில நிமிஷத்தில் நெஞ்சு தளர்ந்தது. விசில் சத்தம் மெல்லக் குறைந்தது. அந்த அறையில், அவ்வளவு புகைக்கு நடுவில், என்னால் அடிவயிறு வரை மூச்சை இழுத்து விட முடிந்தது. டொக்டர் சொன்னது சரிதான். ரொம்ப நல்ல மருந்து.